குடுமிக்கு இசைவு, கிராப்புக்குத் தடை!

ஜமுனாமரத்தூரிலிருந்து மலை இறங்கும் பேருந்தில் சாமை மூட்டை ஏறுகின்றது, புளிக்கூடை ஏறுகின்றது, சூன் திங்கள் பிறந்துவிட்டால் தகரப்பெட்டியோடு மாணவர்களும் ஏறுகின்றார்கள். மூட்டையும் கூடையும் திரும்பி வருவதில்லை. மாணவர்களில் சிலர் திரும்பி வந்துவிடுகின்றனர். அப்படி வந்த ஒருவனை, பள்ளிகள் திறந்த மூன்றாம் நாளே, நம் பள்ளித் திண்ணையில் கண்டோம். பத்தாம் வகுப்புவரை நம்மிடம் படித்தவன். நல்ல மதிப்பெண் பெற்று, மலையடிவார ஊர் ஒன்றிலுள்ள கத்தோலிக்கப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் இடம்பெற்று, விடுதியிலும் இடம்பெற்று, சிற்றூரே வழியனுப்பச் சென்றவன். கட்டணம் கட்டாததால் அனுப்பப்பட்டானா? இல்லை. களவா, பொய்யா, கைகலப்பா? அவையும் இல்லை. அவனுடைய தலைமுடி பள்ளியின் விதிக்கு ஒத்துவரவில்லையாம்! முடியைத் திருத்திக்கொண்டு, தந்தையையும் அழைத்துக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

"அதுக்கென்னடா, வெட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றோம்.

"வெட்டிக்கிறேன் சார். ஆனா, ஏன் வெட்டணும்னு கேட்டேன். அதுக்குத்தான் வெளியே போன்னுட்டாங்க."

அந்த 'ஏன்' நம்மைச் சுட்டது. வகுப்பறையில் "எதையும் ஏன் என்று கேள்" என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம். அவன் கேட்டான், விளைவை அவன் சுமக்கின்றான், நாம் திண்ணையில் அமர்ந்து, வெட்டிக்கொள்ளடா என்கின்றோம்!

எந்தப் பள்ளி, எந்தச் சபை என்பதெல்லாம் இங்கே வேண்டா. ஒரு பள்ளியின்மீது வழக்காடுவதற்காக இதை எழுதவில்லை. இப்பகுதியில் கத்தோலிக்கத் துறவியர் ஆற்றிய கல்விப்பணியை மறைப்பதும் நம் நோக்கமன்று. அடிவாரத்துத் திருப்பத்தூரில் 1951இல் சலேசியர் நிறுவிய தூய நெஞ்சக் கல்லூரி இல்லாதிருந்தால், இவ்வட்டாரத்து ஏழைப்பிள்ளைகள் பலருக்குப் பட்டம் எட்டாக்கனியாகவே இருந்திருக்கும். நாம் திறனாய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு நூலை. ஆம், நூல்தான்! அப்பள்ளி மாணவர்க்கு வழங்கும் நாட்குறிப்பேட்டின் முன்பக்கங்களில் அச்சாகியுள்ள ஒழுங்குவிதிகளை. பையன் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினான், வரிவரியாகப் படித்தோம்.

முடி காதைத் தொடக்கூடாது, சட்டைக் கழுத்தைத் தொடக்கூடாது, இருபுறமும் மழித்து உச்சியில் மட்டும் வளர்க்கக்கூடாது, காற்சட்டையின் அடி குறுகியிருக்கக்கூடாது, இடுப்பிலிருந்து இறங்கியிருக்கக்கூடாது, சட்டை வெளியே தொங்கக்கூடாது, கையில் வண்ணக் கயிறு கூடாது, காப்பு கூடாது, காதில் கடுக்கன் கூடாது. தமிழ் நடையைப் பொறுத்தவரை குற்றமில்லை. பொருளும் தெளிவு. ஆனால் பக்கம் பக்கமாகத் தேடியும் ஒரு சொல் நமக்கு அகப்படவில்லை: 'ஏனெனில்' என்பதே அச்சொல். கல்விக்கூடம் வெளியிட்ட ஏட்டில் காரணம் என்னும் ஒன்று காணாமற்போயிருக்கின்றது. இன்னொன்றும் கண்டோம். சாதியைக் காட்டும் கையிற்கயிறும், எதையும் காட்டாத தலைமுடியும் ஒரே பட்டியலில், ஒரே எடையில் நிற்கின்றன. இரண்டும் ஒன்றுதானா? இதற்குப் பின்னர் வருவோம்.

இவ்விதிகளை மாணவர் எப்படி வளைக்கின்றனர் என்பது தனிக்கலை. காலை வழிபாட்டு மணிக்கு முன்பு குழாயடியில் கூட்டம் சேரும், குடிப்பதற்கன்று! தலையை நனைத்து உச்சிமுடியைப் படிய வாருவதற்கு. பாதிரியாரின் பார்வை கடந்து சென்றதும், ஐந்து விரலும் சீப்பாகி, படிந்த முடி நிமிர்ந்து நிற்கும். சட்டை வாயிலில் உள்ளே போகும். வகுப்பில் பாதி வெளியே வரும். கழுத்துப்பட்டியின் முடிச்சு மேற்பொத்தானை விட்டு ஓர் அங்குலம் இறங்கியிருக்கும். அடையாள அட்டை சட்டைப்பையில் உறங்கும். காலுறை கணுக்காலுக்குக் கீழே சுருண்டுகொள்ளும். காற்சட்டையோ கடைத்தெருத் தையற்காரரிடம் போய், 'பென்சில் ஃபிட்' ஆகித் திரும்பும். தையற்காரர் கெட்டிக்காரர். குறைத்த துணியை வெட்டாமல் உள்ளேயே மடித்துத் தைப்பார். சோதனை நாளில் பிரித்துவிட்டால் பழைய அளவு! முடியின் வகைகளோ எண்ணில் அடங்கா: 'பாக்ஸ் கட்', 'மஷ்ரூம்', பின்கழுத்தில் வால்போல் விடுவது... ஊரார் இவ்வளவையும் சேர்த்துப் 'புள்ளிங்கோ' என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். அண்மை ஆண்டுகளில் தமிழகப் பள்ளிகள் சிலவற்றில் முடிதிருத்துவோரையே வளாகத்துக்குள் அழைத்து, வரிசையில் நிறுத்தி மழித்த செய்திகளையும் படித்தோம்.

இக்கோலங்களைக் கண்டு நாமும் நகைத்ததுண்டு, தோழர்களே. மறைப்பானேன்? திரைப்பட நாயகன் தலையைச் சீவினால் ஊர் இளைஞரெல்லாம் சீவுவதும், பந்தாட்டக்காரன் மழித்தால் இவர்களும் மழிப்பதும் எவ்வகைத் தன்மானம் என்று மேடையில் கேட்டிருக்கின்றோம். சாமியாருக்குப் பின்னால் போகும் கூட்டத்துக்கும் இதற்கும் வேற்றுமை என்ன என்றும் கேட்டிருக்கின்றோம். அந்தக் கேள்வியை இன்றும் கைவிடவில்லை. ஆனால் மலையிலிருந்து இறங்கும் பையனைப் பொறுத்தவரை, நம் கேள்வி குறி தவறியது என்பதை இப்போது உணர்கின்றோம்.

அவன் யார்? அரசு ஏட்டில் மலையாளி என்று குறிக்கப்படும் பழங்குடியினன், கேரளத்தானல்லன், இம்மலையானே. சமவெளிப் பள்ளியில் கால்வைத்த நாளில் அவனுக்குப் பெயர் போய்விடுகின்றது, 'மலைக்காரன்' ஆகிவிடுகின்றான். அவன் பேச்சின் இழுப்பைக் கேட்டுச் சிரிப்பார்கள். எண்ணெய் வழியப் படியவாரிய தலையைக் காட்டிச் சிரிப்பார்கள். மலையில் அம்மா வாரிவிட்ட தலை அது. விதிப்புத்தகம் விரும்புவதும் அதே தலைதான்! அந்தத் தலையோடு இருந்தவரை அவன் மலைக்காரன். முதல் விடுமுறையில் நகரத்துக் கடையில் அமர்ந்து, பக்கங்களை மழித்து, உச்சியை நிறுத்திக்கொண்டு வந்தான். பிறகு பக்கத்து இருக்கைக்காரன் அவனைப் பெயர் சொல்லி அழைத்தான். இதை அவனே சொன்னான், கதை கட்டவில்லை.

சீருடை எதற்காக வந்தது? காமராசர் முதலமைச்சராகவும், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த நாளில், 1956இல் பகலுணவுத் திட்டம் விரிந்தது, ஊரார் பொருளுதவியோடு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன, சீருடையும் வந்தது. பண்ணையார் மகனும் பண்ணையாள் மகனும் ஒரே பலகையில் அமர்ந்தால், உடையைக் கொண்டு எவன் எவன் என்று கண்டுகொள்ள முடியாதிருக்க வேண்டும் என்பதே நோக்கம். 1985இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு விலையின்றிச் சீருடை தந்தார்கள். பின்னர் ஓராண்டுக்கு நான்கு இணை என்று உயர்ந்தது. போற்றத்தக்க பணிகள். சீருடையை எதிர்ப்பவன் ஏழையின் பக்கம் நிற்பவனாக இருக்கமுடியாது என்பதே நம் கருத்து.

ஆனால் துணி செய்யக்கூடியது இவ்வளவுதான் என்பதையும் பார்க்கவேண்டும். ஒரே நிறம் என்றாலும், கடையில் அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும், மூத்தவன் போட்டு வெளுத்ததை இளையவன் போடும் சட்டைக்கும் உள்ள வேற்றுமை பத்தடி தொலைவிலேயே தெரியும். விலையில்லாக் காற்சட்டை இடுப்பில் தங்காமல் கயிறு கட்டி நிறுத்தப்படுவதை எந்த ஆசிரியர் கண்டதில்லை? உடை ஒன்றாகிவிட்டது, அளவில் ஏழை தெரிகின்றான். அந்த அகன்ற காற்சட்டையைத்தான் பையன் தையற்காரரிடம் கொண்டுபோகின்றான். சீருடை முடிக்காமல் விட்ட வேலையை அவன் தன் செலவில் முடித்துக்கொள்கின்றான். மலைக்காரனுக்கும் நகரத்தானுக்கும் உருவத்தில் வேற்றுமையில்லை என்று ஆக்குகின்றான். விதியை மீறுகின்றான், விதியின் நோக்கத்தையோ நிறைவேற்றுகின்றான்! இதைக் காணமுடியாத கண் எதைக் கண்காணிக்கின்றது?

'ஒழுக்கமான கிராப்பு' என்கின்றார்கள். கிராப்பு என்றைக்கு ஒழுக்கமாயிற்று? நூறாண்டுக்கு முன் தமிழ்நாட்டில் குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்தவன் குலத்தைக் கெடுத்தவன். கணிதப் பேரறிஞர் இராமானுசன் 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன் குடுமியை இழந்து கண்ணீர் விட்டார் என்பது வரலாறு. அன்றைய ஒழுக்கக்கேடு இன்றைய ஒழுங்குவிதி. அப்பள்ளியின் சுவரில் தொங்கும் பழைய குழுப்படம் ஒன்றைப் பற்றியும் பையன் சொன்னான். இன்று அளவுகோலோடு வாயிலில் நிற்கும் உடற்பயிற்சி ஆசிரியர், 1980களின் மாணவராக, காதை மூடிய 'ஸ்டெப் கட்டிங்'குடன் அதில் நிற்கின்றாராம். அதற்குச் சற்று முந்தியவர்கள் தரையைப் பெருக்கும் 'பெல்ஸ்' அணிந்திருப்பார்கள், ஐயமில்லை.

சமவெளிப் பள்ளியை விட்டு, அதற்குப் பின்னுள்ள திருச்சபையின் வரலாற்றுக்கே போவோம். 1606இல் மதுரைக்கு வந்தார் இத்தாலியத் துறவி இராபர்ட் தெ நொபிலி. தத்துவ போதகர் என்று தமிழ்நாடு அழைத்த இயேசு சபையினர். அவருக்கும் ஒரு சீருடை இருந்தது: சபையின் கறுப்பு அங்கி. அதைக் களைந்தார், காவி உடுத்தார், இந்நாட்டுத் துறவிபோல் வாழ்ந்தார். கிறித்தவரான மேல்சாதியார் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் விடவேண்டியதில்லை, அவை நாட்டு வழக்கமேயன்றிச் சமயக் குறியல்ல என்று வாதிட்டார். சபைக்குள்ளேயே புயல் எழுந்தது. வழக்கு கோவாவுக்குப் போயிற்று. கடல் தாண்டி உரோமாபுரிக்கும் போயிற்று. 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி இசைவளித்தார். குடுமிக்கு இசைவு! பூணூலுக்கும் இசைவு!

நொபிலியின் வழியை நாம் போற்றவில்லை. சாதியைச் சாய்க்க வந்த சமயம், சாதியின் வாயிலில் தலைவணங்கி நின்ற கதை அது. பின்னாளில் மேல்சாதியார்க்கு ஒருவகைத் துறவியும், ஒடுக்கப்பட்டோர்க்குப் பண்டாரசாமி என்னும் வேறுவகைத் துறவியும் என்று குருமாரையே பிரித்துவைத்தார்கள். நாம் கேட்பது வேறு. மேல்சாதியானின் குடுமிக்காக உரோமாபுரிவரை வாதாடத் துறவி ஒருவர் கிடைத்தாரே, மலைப்பையனின் கிராப்புக்காகத் தலைமையாசிரியர் அறைவரை வாதாட ஒருவர் கிடைக்கவில்லையா? முடி நாட்டு வழக்கம்தான், அறத்தின் அளவுகோல் அன்று என்று நான்கு நூற்றாண்டுக்கு முன்பே ஒப்புக்கொண்டவர்கள் அல்லவா அவர்கள்?

இதைவிட வேடிக்கையானது ஒன்றுண்டு. அதே பள்ளியில் ஒரு மாணவன் முழு மொட்டையோடு வந்தானாம். குலதெய்வத்துக்கு நேர்த்திக்கடன் என்று தந்தையின் கடிதம். ஏற்றுக்கொண்டார்கள். கத்தோலிக்கப் பள்ளி குலதெய்வத்துக்கு வழிவிடுகின்றது. பெருந்தன்மைதான்! சாமிக்காகத் தலையை மழித்தால் விதி ஒதுங்கும். தனக்காகத் தலையைச் சீவினால் விதி சீறும்.

பள்ளி மட்டுமன்று, நாட்டின் உயர்ந்த மன்றமும் இவ்வழியே போயிற்று. மத்தியப் பிரதேசத்தின் விதிசா மாவட்டத்தில் நிர்மலா கான்வென்ட் மேல்நிலைப்பள்ளி என்னும் கிறித்தவப் பள்ளி, தாடி வைத்த முசுலிம் மாணவர் ஒருவரை மழிக்காமல் வரக்கூடாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2009 மார்ச்சில் மனு தள்ளப்பட்டது. நாட்டில் தாலிபான்களை வளரவிட முடியாது என்னும் பொருளில் நீதிபதி மார்க்கண்டேய கட்சு பேசிய பேச்சு பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. சூலையில் அச்சொற்களைத் திரும்பப் பெற்று வருத்தம் தெரிவித்தார். செப்டம்பரில் வேறொரு அமர்வு மாணவரைப் பள்ளியில் மீண்டும் சேர்க்கச் சொன்னது. மாணவர் பக்கம் நியாயம் கிடைத்தது குறித்து மகிழ்ச்சியே. ஆயினும் வழக்கில் பேசப்பட்டவை எவை? தாடியை இசுலாம் கட்டாயமாக்கியிருக்கின்றதா? சீக்கியர்க்கு இசைவு உண்டே, முசுலிமுக்கு ஏன் இல்லை? சிறுபான்மைப் பள்ளிக்குத் தன் விதியை வகுக்கும் உரிமை எதுவரை? எல்லாம் சமயத்தைச் சுற்றியே! தன் மோவாயின்மீது ஒரு மாணவனுக்கு, எந்தக் கடவுளின் பரிந்துரையும் இன்றி, உரிமை உண்டா என்பது முன்னுக்கு வரவில்லை. கடவுள் நம்பிக்கையில்லாதவனுக்கு முடியும் இல்லை போலும்!

அப்படியானால் எதையும் அணியலாம், எதையும் கட்டலாம் என்று சொல்லுகின்றோமா? இல்லை. அந்தப் பட்டியலில் முடியோடு சேர்ந்து நின்ற கயிற்றுக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த மாணவனை, உடன்படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். தமிழக அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 சூனில் அவர் தந்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. இந்தத் தடையை இருகை நீட்டி வரவேற்கின்றோம். காரணம் கேட்டால் ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்: மஞ்சளும் சிவப்புமாகக் கட்டிய கயிறு, நான் உன்னைவிட மேல் என்கின்றது, அரிவாளுக்கு ஆள் சேர்க்கின்றது. மலைப்பையனின் உச்சிமுடியோ, நான் உனக்குக் கீழானவனல்லன் என்கின்றது. முன்னதைத் தடுக்க 'ஏனெனில்' உண்டு. பின்னதைத் தடுக்க ஒன்றும் கிடைக்காததால்தான் ஏட்டில் அச்சொல்லையே விட்டுவிட்டார்கள். இரண்டையும் ஒரே வரிசையில் வைப்பதால் கெடுவது கயிற்றின்மீதான தடையே. காரணமுள்ள விதியையும் காரணமற்ற விதியைப்போலவே குழாயடியில் நனைத்து வளைக்கப் பையன்கள் பழகிவிடுகின்றனர்.

1945இல் பெரியார் அமைத்த கருஞ்சட்டைப் படையை 1948இல் சென்னை மாகாண அரசு தடைசெய்தது. துணியின் நிறம் குற்றமாகும் நாள் எப்படியிருக்கும் என்று நம் இயக்க முதியவர்கள் அறிவார்கள். நமக்கு அது புதிதன்று.

மலைக்கு இது சிறு செய்தியன்று. மூன்று நாள், நான்கு நாள் என்று திரும்பி வந்த பையன் மீண்டும் இறங்காமலே இருந்துவிட்டால், மரம் வெட்ட ஆள் பிடிக்கும் தரகன் அவனைத் தேடி வருவான். அந்தத் தரகன் முடியின் நீளம் பார்ப்பதில்லை. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேசாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற இருபது தமிழ்த் தொழிலாளருள் இம்மலையின் மக்களும் இருந்தனர். இன்னொரு பக்கம், இதே மலையின் புலியூரைச் சேர்ந்த சிறீபதி 2024இல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார்; பழங்குடிப் பெண்ணொருத்தி நீதிமன்ற இருக்கைக்கு உரியவளானாள் என்று மலையே மகிழ்ந்தது. இவ்விரு வழிகளும் பிரியும் இடத்தில் பள்ளி வாயில் இருக்கின்றது. அங்கே ஒருவர் அளவுகோலோடு நிற்கின்றார்.

பையனின் தந்தையோடு நாமும் இறங்கினோம். அவர் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தார். பையன் முடியைத் திருத்திக்கொண்டிருந்தான். வெளியில் நெடுநேரம் நிற்கவைத்த பின்னரே அழைத்தார்கள். முதல்வர் முதியவர், கடுகடுப்பானவரல்லர். அவருடைய மேசைக்குப் பின்னால் தொன் போஸ்கோவின் படம் இருந்தது. துரின் நகரத் தெருப்பிள்ளைகளைத் திரட்டிப் படிப்பித்த அத்துறவி, 1877இல் எழுதிய கல்விமுறைக் குறிப்பில் அறிவு, சமயம், அன்பு என்னும் மூன்றின்மீது தம் முறையை நிறுத்தினார். தண்டித்துத் திருத்துவதைவிடத் தடுத்துக் காப்பதே சிறந்தது என்பது அவர் வழி. எந்தச் சபையின் பள்ளியானாலும் கத்தோலிக்க ஆசிரியர்கள் போற்றும் பெயர் அது. சமயத்தில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் மூன்றில் முதலாவதாக நிற்பது அறிவல்லவா?

"ஐயா, தொன் போஸ்கோ பையன்களிடம் காரணம் சொல்லுவாராமே. இவனுக்கு நீங்கள் ஒரு காரணம் சொன்னால் போதும், நாங்கள் போய்விடுகிறோம்" என்றோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒருத்தனுக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள்" என்றார். "கேட்கட்டுமே, ஐயா" என்றோம். அவர் சிரித்தார், விடை சொல்லவில்லை. தந்தை கைகூப்பி நின்றார். அதைக் காண நமக்குப் பொறுக்கவில்லை. பையனை வகுப்புக்கு அனுப்பினார்கள். நாட்குறிப்பேட்டில் தந்தையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். விதி அப்படியே இருக்கின்றது.

காலாண்டு விடுமுறைக்கு அவன் மலையேறியபோது அதே பேருந்தில் நாமும் இருந்தோம். தலை படிய வாரப்பட்டிருந்தது. முதல் கொண்டையூசி வளைவு கடந்தது. இரண்டாவதும் கடந்தது. சன்னலோரம் திரும்பி, நம்மைப் பாராதவன்போல், விரல்களால் உச்சிமுடியை மெல்ல நிமிர்த்திவிட்டான்.